கோளுக்கு ஒரு வடைமாலை

வெள்ளி மாலை, சடசடவென்று மழை... உரும்பிராய் வைரவர் கோயில் மண்டபத்துக்குள் ஓடி வந்தவன், நேரே சுவர்ணாவின் தோளில் மோதினான்.

“கண் தெரியேல்லையோ?”

“மழைக்குள்ளை தெரியேல்லை... இப்ப வடிவாத் தெரியுது.”

நனைந்த இமைகளுக்குள் என்ன சிரிப்பு அது! முறைக்க நினைத்தவள் குனிந்துகொண்டாள்.

அம்மா பூரணம் சும்மா இருப்பாளா?

“எடுங்கோ தம்பி, நேர்த்திக்கடன் வடை. என்ரை மகள் ரீச்சர். வானத்திலை ஒரு கோள் கண்டுபிடிச்சிட்டாள், அதுதான் வைரவருக்கு வடைமாலை!”

விண்வெளித் தொலைநோக்கி அளந்து அனுப்பும் நட்சத்திர ஒளியை இணையத்தில் யாரும் பார்க்கலாம். கோள் குறுக்கே போனால் ஒளி சற்றுக் குறையும். அந்தக் குறைவைத்தான் சுவர்ணா கண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் படிப்பிக்கும் பாடசாலையில் அவளுக்குப் பாராட்டு விழா.

“நானும் உந்த நட்சத்திர ஒளியைத்தான் பாக்கிறனான்,” என்றான் அவன். அச்சுவேலிக் கஜானன். “ஒருக்கால் காட்டுங்கோவன்.”

ஒளி குறையும் இடங்கள் பள்ளம் பள்ளமாகத் தெரியும் வரைபடத்தைப் போனில் காட்டினாள். வடையைக் கடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். சொல்லாமல் விட்டால் இவள் முகம் மலர்ந்தபடியே இருக்கும்... சொன்னால்? ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துப் பொய் வரவில்லை.

“ரீச்சர்... ஒரு பள்ளம் ஆழம், அடுத்தது ஆழமில்லை. கோள் எண்டால் எல்லாம் ஒரே மாதிரி வரும். உது ஒண்டையொண்டு மறைக்கிற ரெண்டு நட்சத்திரம்.”

சுவர்ணாவின் முகம் சிவந்தது.

“எங்கடை வடையையும் சாப்பிட்டு, என்ரை கோளையும் சாப்பிட்டிட்டியள்!”

குடையை விரித்து விறுவிறுவென்று போய்விட்டாள்.

வீட்டில் மறுபடி அளந்து பார்த்தாள். அவன் சொன்னதே சரி. அழுகை வந்தது. ஆனாலும் திங்களன்று மேடையேறி, “நான் பிழை விட்டிட்டன்,” என்று தானே சொன்னாள். அவனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எந்த முகத்தோடு?

அடுத்த வெள்ளி மாலை மண்டபத்தில் அவனுக்காகவே காத்து நின்றாள். வந்தான்!

“நீங்கள் சொன்னது சரி,” என்றாள் மெல்ல. “எல்லாருக்கும் சொல்லிட்டன்.”

“இன்னும் கோவமோ?”

“ஓம்.”

“அண்டைக்கு மழைக்குள்ளை நான் பொய் சொல்லியிருந்தால் சிரிச்சிருப்பியள்...”

“சிரிச்சிருப்பன். கலியாணத்துக்குப் பிறகு தெரிய வந்திருந்தால் கொன்றிருப்பன்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஐயோ...

“கலியாணமோ?” கஜானன் கிட்ட வந்தான். “ஆரோடை?”

ஓடிவிடலாமா? நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“உங்களோடைதான்.”