தெற்கு யன்னல் வெயில்

ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் தெற்கு யன்னலால் வெயில் விழாது. இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பகல் வெளிச்சத்தை அளந்து, அதற்குள் வாழ்கிறவர்கள் அதை எப்படி உணர்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரும் உதயகலாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அரியாலையில், தனியாக இருக்கும் பியாட்றிஸ் ரீச்சரின் வீட்டுக் கடைசி அறையில், காலை பதினொரு மணிக்கு, தெற்கு யன்னல் கம்பிகளின் நிழலோடு மஞ்சள் வெயில் சீமெந்துத் தரையில் நீளமாகக் கிடந்தது.

அவள் வெயிலுக்குள் ஒளிமானியை வைத்தாள். பூச்சியம் காட்டியது. பற்றரியை மாற்றினாள். பூச்சியம்.

வெயில் பட்ட கை சுடவில்லை. ஈரச் சுண்ணாம்பு மணத்தது. இவ்வளவு நேரமும் முற்றத்தில் கத்திக்கொண்டிருந்த காகங்கள் எப்போது அடங்கின என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பிள்ளை, ஏன் இருட்டுக்கை நிக்கிறாய்?" விறாந்தையிலிருந்து ரீச்சர் கேட்டார். "உந்த அறைக்கு யன்னலே இல்லை. ரோச் கொண்டு வரட்டோ?"

"இருட்டோ? இஞ்சை நல்ல வெயில், ரீச்சர்."

விறாந்தையில் ஏதோ விழுந்து உடைந்தது.

"வெளியிலை வா. உடனை வா, பிள்ளை!"

கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. கைப்பிடியை இழுத்தாள். தோளால் இடித்தாள். அசையவில்லை.

"கதவு பூட்டிக் கிடக்கு, ரீச்சர்!"

"திறந்துதான் கிடக்கு. நான் வாசல்லை நிக்கிறன். உன்னைக் காணேல்லை."

செருப்புச் சத்தம் அறைக்குள் வந்தது. சாத்திய கதவுக்கூடாக. பவுடர் மணம் அவளைக் கடந்தது. யாரும் இல்லை. இரண்டு கைகளாலும் துழாவினாள். வெறும் காற்று.

"கிறிஸ்ரியும் உப்பிடித்தான் சொன்னவன்." காதருகே ரீச்சரின் குரல் உடைந்தது. "நல்ல வெயில் அக்கா எண்டு. என்ரை தம்பி. முப்பது வருசமாக் கூப்பிடுறன்."

உதயகலா கத்தினாள். "பிள்ளை, பிள்ளை" என்று அந்தக் குரல் சுவரோரமாகத் தேடிக்கொண்டு போனது. தூரமானது. இல்லாமல் போனது.

கைத்தொலைபேசியில் மாலை மணி ஆறானது. ஏழு. வெயில் ஓர் அங்குலமும் நகரவில்லை.

அவள் அதற்குள் போய் நின்றாள். அவளுடைய நிழல் விழவில்லை.

கம்பி நிழல்களுக்கு நடுவே வேறொரு நிழல், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அது மெல்லத் தலையைத் திருப்பியது. பிறகு, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு, ஒதுங்கி உட்கார்ந்தது.