அறுபத்திரண்டு பச்சை

காலை ஆறரைக்குத் தேற்றியின் பலகையில் பதினேழாம் எண் சிவந்தது. அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினேழு அவளுடைய வீடு.

தேற்றி என்ற அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மழை பொய்த்துப் பழகிவிட்ட அந்த அறுபத்திரண்டு வீட்டு ஊரில், கழிப்பறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் போகும் நீரை நுண்ணுயிர்ப் படுகையில் ஊறவைத்து, மாலைக்குள் குடிநீராகத் திருப்பித் தந்துகொண்டிருந்தது அது. ஒவ்வொரு வீட்டுக் கழிவுக் குழாயிலும் ஒரு நாக்குத்தகடு உண்டு. நோய்க்கிருமி கலந்தால் ருசி பார்த்துச் சொல்லிவிடும். அந்த வீட்டுக் கழிவை மூன்று நாள் தனிக்குழிக்குத் திருப்பினால் போதும்.

ஆனால் நம் ஊர்கள் எதையும் சொன்னபடி செய்துவிடுமா என்ன? மூன்று நாள் இருபத்தொன்றானது. அம்மை கண்ட வீட்டுக்குக் கட்டுவதுபோல் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவிடவில்லை. கடைக்காரர் சாமானைத் தெருவில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்துத் தெரு ராக்கு வீட்டுக் கல்யாணமே அப்படித்தான் நின்றுபோனது. அன்று அவள் வாசலில் வேப்பிலை கட்டியவள், தேற்றியை இயக்கும் இதே அஞ்சுகம்.

இப்போது அவள் வீட்டின் முறை. மகள் நவமணிக்கு ஏழு வயது. விடிவதற்குள் மூன்று தடவை எழுந்து போயிருந்தாள். ஏழு மணிக்கு ஒலிபெருக்கி ஊருக்கே அறிவித்துவிடும். ஆனால் இரவில் போனதெல்லாம் சேர்ந்து ஒரே ருசிதான்; அதை மட்டும் நம்பித் தேற்றி யாரையும் காட்டிக்கொடுக்காது. ஏழுக்குள் அந்த வீட்டிலிருந்து மறுபடி எதுவும் வராவிட்டால் சிவப்பு தானாக அழிந்துவிடும்.

அஞ்சுகம் வீட்டுக்கு ஓடினாள். கழிப்பறையைப் பூட்டினாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊருணிக்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டுக்குள் நுழைந்தாள். அந்தப் பக்கம் ஆள் போய் நான்கு வருடம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒற்றையடிப் பாதை நன்றாகத் தேய்ந்து கிடந்தது. முள்ளுக்குப் பின்னால் ஒரு தலை எழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. எல்லாம் தெரிந்த முகங்கள்.

ராக்கு சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

"நீங்களும் வந்துட்டீகளா மதினி? அப்ப இனி எங்களுக்குப் பயமில்ல."

எத்தனை நாளாக என்று கேட்டாள் அஞ்சுகம். பத்து நாளாம். முதலில் வயிறு சரியில்லாதவர்கள் வந்தார்களாம். பிறகு, நமக்கெதற்கு வம்பு என்று நன்றாக இருந்தவர்களும் வந்துவிட்டார்களாம்.

சில நாளாகத் தேற்றிக்குக் கழிவு வரத்துக் குறைந்த காரணம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தின்ன எதுவும் வராமல் படுகை செத்துக்கொண்டிருந்தது; வேறு வழியில்லாமல் குடிநீரைப் பாதியாக்கியவள் அவள்தான். மீதித் தண்ணீருக்கு ஊர் என்ன செய்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. அதையும் கேட்டாள்.

"முந்தாநாள் மழையில ஊருணி ரொம்பிக் கெடக்குல்ல. ஒங்க வீட்டுக்குங்கூட ரெண்டு கொடம் ஊத்தினேன், புள்ள தண்ணி கேட்டுச்சுன்னு."

அஞ்சுகம் காலடியைப் பார்த்தாள். காட்டிலிருந்து ஊருணிக்கரை வரை மழைநீர் இறங்கிய தடம் மண்ணில் கோடுகோடாக இருந்தது. இடுப்பில் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"அந்தத் தண்ணியக் குடிக்காதீக மதினி" என்றாள் அஞ்சுகம்.

அதற்குள் மணி ஏழாகிவிட்டது. காட்டைத் தாண்டி ஒலிபெருக்கி கேட்டது: அறுபத்திரண்டு வீடும் பச்சை, நோயில்லா ஊர், பத்தாம் நாள்.

"கேட்டீகளா? ஊருல யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றாள் ராக்கு.

சொல்லாமல் விட்டால் ஊரே படுத்துவிடும். சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள். அஞ்சுகம் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நவமணிக்குப் பேதி. அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான்."

ராக்கு இரண்டடி பின்னால் போனாள். பக்கத்து வேம்பில் ஒரு கிளையை எட்டி ஒடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, வழியில் வைத்திருந்த குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் மொள்ள அதே ஊருணிப் படியில் இறங்கினாள்.