மூன்றாம் மாடி ஜன்னலைத் தட்டியது யார்?

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது சுண்டு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

டொக். டொக் டொக்.

வாயில் நுரையோடு ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மாடிப்படி காலியாகக் கிடந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மறுபடியும் டொக் டொக்.

சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. உள் அறையிலிருந்து வந்தது.

உள் அறையில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை! அம்மாவுக்கு ரொட்டி அடுமனையில் வேலை. பொழுது விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அப்பாவோ கப்பலில் சமையல்காரர். எந்தக் கடலில் இருக்கிறாரோ! அம்மா திரும்பி வரும்வரை வீட்டில் சுண்டுவும் அவள் தம்பியும் மட்டும்தான். சுண்டு என்பது அவள் பள்ளிப் பெயர் இல்லை. சுண்டுவிரல் மாதிரி இருக்கிறாள் என்று வீட்டில் வைத்த பெயர். தம்பிக்கு அந்தக் கட்டடம் முழுக்கவே தம்பி என்றுதான் பெயர்.

"அக்கா, யாரு தட்டுறாங்க?" தம்பி போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக் கேட்டான்.

"பக்கத்து வீட்டுல ஆணி அடிப்பாங்கடா."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை. மெதுவாக உள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அறை கும்மிருட்டாக இருந்தது. வேலை முடிந்து வந்து பகலில் தூங்குவதற்காக, அம்மா போன வாரம்தான் ஜன்னலுக்குக் கெட்டியான கருநீலத் திரை மாட்டியிருந்தார்.

டொக் டொக் டொக்.

திரைக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. ஜன்னலை யாரோ வெளியிலிருந்து தட்டுகிறார்கள்.

ஆனால் அது மூன்றாம் மாடி! வெளியே நிற்க ஒரு திண்டுகூடக் கிடையாது.

சுண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைச் சட்டென்று விலக்கினாள். கம்பிகள் தெரிந்தன. கம்பிகளுக்கு அப்பால் வானம். வேறு ஒன்றும் இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்புத் தீற்றல் இருந்தது.

ரத்தமா?

திரையை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தாள். பல் தேய்த்த நுரையை எப்போது விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழ்த்தளத்தில் தையல்கார அக்காவின் கடை. அந்தக் கட்டடத்தில் ரொம்ப காலமாக இருப்பவர் அவர்தான். பள்ளிக்குப் போகும் வழியில் சுண்டு அங்கே நின்றாள்.

"அக்கா, எங்களுக்கு முன்னாடி எங்க வீட்டுல யாரு இருந்தாங்க?"

தையல்கார அக்கா உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடியே பேசுவதில் கெட்டிக்காரர். "ஒரு பெரியவர் இருந்தாரு. பாவம், கால் நடக்க வராது. ஏதாவது வேணும்னா அந்த உள் ரூம் ஜன்னலைக் கைத்தடியால டொக் டொக்னு தட்டுவாரு. நான் மேல ஓடுவேன். தங்கமான மனுஷன்."

சுண்டு பக்கத்தில் நின்ற தம்பியை அருகில் இழுத்துக்கொண்டாள். "இப்போ அவரு?"

அக்கா பெருமூச்சு விட்டார். "போயிட்டாரும்மா."

தம்பி சுண்டுவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அந்தப் பிடி தளரவே இல்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. தினமும் காலை வெயில் ஏற ஏறச் சத்தம் வரும். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் நின்றுவிடும். தம்பி குளிக்கத் தனியாகப் போகமாட்டான். "அக்கா, கதவுக்கு வெளியவே நில்லு. பேசிக்கிட்டே இரு" என்பான். பேச ஒன்றும் கிடைக்காமல் சுண்டு கதவோரம் நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பாள். தட்டில் வைத்த ரொட்டியை அவன் எறும்பு கடிப்பதுபோல ஓரத்தில் மட்டும் கடித்துவிட்டு வைத்துவிடுவான்.

"அம்மா, நீ வேலைக்குப் போகாதம்மா" என்றான் ஒருநாள் சாயங்காலம்.

"ஏன்டா கண்ணா?"

தம்பி சுண்டுவைப் பார்த்தான். சுண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. இந்த வேலை கிடைப்பதற்கு அவர் எத்தனை கடைகள் ஏறி இறங்கினார் என்று சுண்டுவுக்குத் தெரியும். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று தெரிந்தால் அம்மா நாளைக்கே வேலையை விட்டுவிடுவார்.

"சும்மா சொல்றான்மா" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் சத்தம் மோசமாக இருந்தது. வெறும் டொக் டொக் இல்லை. படபடவென்று அடித்தது. நடுவில் சர்ர்ர் என்று நகத்தால் பிறாண்டுகிற சத்தமும் கேட்டது. சுண்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது.

"தம்பி?"

பதில் இல்லை. போர்வைக்குள் இல்லை. குளியலறையில் இல்லை. மாடிப்படியில் அவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

அதுவரைக்கும் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது சுண்டுவுக்குத் தோன்றியது. வெறுங்காலோடு படிகளில் தடதடவென்று இறங்கினாள். தெருவில் பால் வண்டி போனது. முனையில் பேருந்துகள் சீறிக்கொண்டு திரும்பின. அந்தப் பக்கம் போயிருப்பானோ?

"தம்பி! டேய், தம்பி!"

தையல்கார அக்கா கடையின் இரும்புக் கதவைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "என்னம்மா ஆச்சு? ஏன் இப்படி நடுங்குற?"

"தம்பியைக் காணோம் அக்கா..."

அப்போது கடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

அச்!

வெட்டுமேசைக்கு அடியில் துண்டுத்துணி மலை ஒன்று உண்டு. அந்த மலை இன்னொரு முறை தும்மியது. சுண்டு பாய்ந்து போய்த் துணிகளை வாரி எறிந்தாள். உள்ளே தம்பி, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு சுருண்டு கிடந்தான்.

அவனைக் கட்டிக்கொண்டு அழுவதா, முதுகில் ஒன்று போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிக்கொண்டாள்.

"நான் வீட்டுக்கு வரமாட்டேன்" என்றான் தம்பி. "அந்தத் தாத்தா என்னைக் கூப்பிடுறாரு."

"எந்தத் தாத்தா?" என்றார் தையல்கார அக்கா.

சுண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அக்காவின் கண்கள் விரிந்தன. கடைசியில் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! போயிட்டாருன்னா, பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரும்மா! நல்லா சாப்பிட்டு நல்லா இருக்காரு. முந்தாநாள்கூட போன்ல பேசினாரு!"

தம்பி மூக்கைத் துடைத்தான். கொஞ்சம் யோசித்தான். "அப்போ... தட்டுறது யாரு?"

இப்போது நிலைமை இன்னும் மோசமானது. தாத்தா என்றால் தங்கமான மனுஷன். இது யாரென்றே தெரியவில்லையே!

மூன்று பேரும் கடைக்கு வெளியே வந்தார்கள். மேலே எங்கோ மெல்லிசாகக் கேட்டது: டொக் டொக்.

சுண்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. தலையில் கறுப்புக் கொண்டை. வாலுக்கு அடியில் சிவப்பு. ஒரு கொண்டைக்குருவி! அது பின்னால் நகர்ந்தது. இறக்கையை விரித்துக்கொண்டு கண்ணாடி மேல் பாய்ந்தது. கொத்தியது. நகம் சறுக்கியது. சர்ர்ர். மறுபடி கம்பியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. மறுபடி பாய்ந்தது.

"குருவியா!" தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு எங்க வீட்டுல என்ன வேலை?"

சுண்டு ஜன்னலையே பார்த்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது, கொடியில் தொங்கிய சட்டை தெரிந்தது. அவர்கள் வீட்டு ஜன்னலில் உள்ளே இருப்பது எதுவும் தெரியவில்லை. வானம் தெரிந்தது. மேகம் தெரிந்தது. இன்னொரு கொண்டைக்குருவியும் தெரிந்தது!

"தம்பி, அது நம்மளைக் கூப்பிடலைடா. சண்டை போடுது."

"யாரோட?"

"தன்னோடவே. உள்ளே இருட்டு, வெளியே வெயில். அதனால நம்ம ஜன்னல் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. அம்மா அந்தத் திரையை மாட்டின பிறகுதானே சத்தம் வந்துச்சு?"

"கண்ணாடில தெரியறது தான்தான்னுகூடவா அதுக்குத் தெரியாது? லூசுக் குருவி!"

"நீகூடத்தான் குழந்தையா இருந்தப்போ கண்ணாடில தெரிஞ்ச பாப்பாவுக்கு பிஸ்கட் ஊட்டுவ. கண்ணாடியெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. அம்மாவைக் கேட்டுப் பாரு."

தையல்கார அக்கா சிரித்துவிட்டார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் ஊட்டத்தானே செஞ்சேன். அது ஏன் அடிக்குது?"

அதற்கும் காரணம் கிடைத்தது. ஜன்னலை ஒட்டிப் போகும் தண்ணீர்க்குழாயில் ஒரு கொடி அடர்த்தியாகப் படர்ந்திருந்தது. இலைகளுக்கு நடுவே கிண்ணம்போல ஒரு கூடு. அதில் இன்னொரு குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"முட்டை வெச்சிருக்கு போல" என்றாள் சுண்டு மெதுவாக. "யாரோ வேத்துக் குருவி தன் இடத்துக்கு வந்துடுச்சுன்னு நினைக்குது. 'போ, போ'ன்னு விரட்டுது. இது கொத்தினா அதுவும் கொத்துது. இது நின்னா அதுவும் முறைச்சுக்கிட்டு நிக்குது. எவ்வளவு அடிச்சாலும் போகவே மாட்டேங்குது. பாவம், அலகு காயமாகிற அளவுக்கு அடிச்சிருக்கு. அதுக்கும் பயம்டா."

தம்பி கூட்டைப் பார்க்க நுனிக்காலில் எம்பி நின்றான்.

"ஒரு நீளக் குச்சி எடுத்து அந்தக் கூட்டைத் தள்ளிவிட்டுட்டா தொல்லை விட்டுச்சு" என்றார் தையல்கார அக்கா.

"வேண்டாம் அக்கா!" இரண்டு குரல்கள் ஒன்றாகக் கத்தின.

"முதல்ல நான் நினைக்கிறது சரியான்னு பார்த்துடுறேன்" என்றாள் சுண்டு. "நான் மேல போய்த் திரையை விலக்கிட்டு விளக்கைப் போடுறேன். குருவி என்ன பண்ணுதுன்னு கீழேயிருந்து பார்த்துச் சொல்லு."

குருவிதான் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் அந்த இருட்டு அறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தனியாகப் போனாள். டொக் என்று காதருகே கேட்டபோது துள்ளிக் குதித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரையை முழுவதும் ஒதுக்கினாள். விளக்கைப் போட்டாள். கதவோரம் நகர்ந்து அசையாமல் நின்றாள்.

அமைதி. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா! திரும்பி வந்துச்சு! உள்ள பார்த்துச்சு! சும்மா கூட்டுக்குப் போயிடுச்சு!"

விளக்கை அணைத்துத் திரையை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டொக் டொக்.

சரிதான். ஆனால் திரையை எடுத்துவிட்டால் அம்மா எப்படித் தூங்குவார்? உள்ளே இருட்டாகவும் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் முகமும் தெரியக்கூடாது. சுண்டு கண்ணாடியையே வெறித்தாள். குளித்து முடித்த பிறகு குளியலறைக் கண்ணாடியில் சோப்பு நுரை பட்டுக் காய்ந்தால் எதுவும் தெரியாதே!

குளிக்கிற சோப்பை எடுத்து வந்தாள். அந்த ஜன்னல் உள்பக்கமாகத் திறப்பது நல்லதாகப் போயிற்று. குருவி இரை தேடப் பறக்கும்வரை காத்திருந்து, கண்ணாடிக் கதவை உள்ளே இழுத்து, அதன் வெளிப்பக்கத்தில் சோப்பை ஈரமாகத் தேய்த்தாள். தம்பி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தான்.

"நானும்! நானும்!"

இரண்டு பேருமாகத் தேய்த்த தேய்ப்பில் கண்ணாடி பால்போல வெளுத்தது. ஜன்னலை மூடி, திரையையும் இழுத்துவிட்டு, அதன் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். வெளுத்த கண்ணாடியில் ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே ஒரு கொத்து.

எதிரி வரவில்லை.

நிழல் வாலை ஆட்டிவிட்டுப் பறந்துபோனது.

அம்மா வந்தபோது, முழங்கை வரை சோப்போடு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பலையா? சோப்பு எங்கடீ?"

"ஜன்னல்ல" என்றான் தம்பி.

நடந்தது எல்லாவற்றையும் கேட்ட பிறகு அம்மாவும் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சுண்டுவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ வேலையை விட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா."

"அடுத்த தடவை பயத்துல பாதியை என்கிட்ட குடு. முழுசா நீயே வெச்சுக்காத" என்றார் அம்மா. அவர் மேல் புது ரொட்டி வாசனை அடித்தது.

மறுநாள் காலை சுண்டு விழித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வெயில் ஏறியது. சத்தம் இல்லை. பக்கத்தில் தம்பியும் இல்லை. ஒரு கணம் பக்கென்றது.

உள் அறையிலிருந்து அவன் குரல் மெதுவாகக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். இருட்டில் தனியாக, திரையின் ஓரத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அவன் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நல்லா பார்த்துட்டேன். இங்க வேற குருவி யாரும் இல்லை. நீ பயப்படாம முட்டையைப் பார்த்துக்கோ."