வெள்ளிக்கரட்டில் எடுத்த கம்பு

"யார் வந்தாலும் வராட்டியும் நான் போறேன்!" என்று பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள் ஜெபராணி. வீம்புக்காரி!

பின்னே என்ன? ஒரே அலுவலகத்துத் தோழிகள் நாலு பேர் ஒரு மாதமாகப் போட்ட திட்டம். வெள்ளிக்கரட்டு மலையேறி, உச்சியிலுள்ள விடுதியில் இரண்டு நாள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடப்பது! விடுதி பிடித்தது, பேருந்து விசாரித்தது எல்லாம் ஜெபராணிதான். மற்ற மூவரும் கழுவுற மீனில் நழுவுற மீன்கள். வித்யா வீட்டுக்கு மாமியார் வருகிறார். அஸ்வினிக்குக் காய்ச்சல். கடைசியில் பௌசியாவும், "சாரிடி, லீவு தரமாட்டேங்கறாங்க" என்று செய்தி அனுப்பிவிட்டாள். ஜெபராணி "சரி" என்று மட்டும் பதில் போட்டாள். போட்டுவிட்டு அழுதது யாருக்குத் தெரியும்?

மலை அழகாகத்தான் இருந்தது. பாறையிடுக்கில் அருவி ஒன்று குதித்தது. "ஏய், இங்க பாருங்கடி!" என்று திரும்பினாள். பின்னால் ஒரு குருவிகூட இல்லை. அதற்குமேல் அவளுக்கு அருவியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பாதைக்குக் குறுக்கே பச்சைக் கிளை ஒன்று கிடந்தது. "அட, நல்ல கம்பு!" என்று எடுத்து, இலையை உருவிப் போட்டு ஊன்றிக்கொண்டாள். விடுதிக் காவலாளி போனில் சொல்லியிருந்தபடி வலது பக்கம் ஏறினாள்.

உச்சியில் அந்தக் காவலாளி மாதையன் காத்திருந்தார்.

"வாங்கம்மா. நாலு பேர்னு சொன்னீங்க?"

"நான் மட்டும்தான்ணே."

மாதையனின் பார்வை கம்பில் விழுந்தது. "இதை எங்க எடுத்தீங்க?"

"பாதை பிரியிற இடத்துல கிடந்துச்சு."

"கிடக்கலைம்மா, நான் போட்டது! அந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சு பள்ளமாக் கிடக்கு. பச்சைக் கிளை குறுக்கே கிடந்தா போகக் கூடாதுன்னு அர்த்தம்."

"ஐயோ, தெரியாதுண்ணே! ஆனா எனக்குப் பின்னால யாரு வரப்போறா?"

அவள் கேட்டு முடிக்கவில்லை, செல்போன் கூவியது. உச்சிக்கு வந்த பிறகுதான் சிக்னலே கிடைத்திருந்தது. பௌசியாவின் செய்தி! "சண்டை போட்டு லீவு வாங்கிட்டேன்! அடுத்த பஸ்ல வந்து அடிவாரத்துல இறங்கிட்டேன், இதோ ஏறப்போறேன். டீ போட்டு வை!"

ஜெபராணிக்கு உயிரே போய்விட்டது. கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே! "அண்ணே, கயிறு எடுங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினாள். மூடுபனி வேறு சூழ்ந்தது. விழுந்தாள், எழுந்தாள், முழங்கால் கிழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. இடது பாதையின் ஈர மண்ணில் புதுச் செருப்புத் தடம்!

"பௌசியா!"

பதில் இல்லை. "கர்த்தரே, அவளைக் காப்பாத்தும்" என்று வாய் முணுமுணுத்தது. மறுபடி கத்தினாள்.

"இங்கடி... மெதுவா வா, மண்ணு நழுவுது!"

பள்ளத்தின் பாதியில் ஒரு வேரைக் கட்டிக்கொண்டு தொங்கினாள் பௌசியா! பின்னாலேயே ஓடிவந்த மாதையன் கயிற்றை மரத்தில் சுற்றி வீசினார். "இடுப்புல கட்டுங்கம்மா!" என்று கீழே கத்திவிட்டு ஜெபராணியைப் பார்த்தார். "நீங்க இழுங்கம்மா!" கை தோலுரிய இழுத்தாள் ஜெபராணி. பௌசியா மேலே வந்து விழுந்ததும் அவள் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"மறிச்சுப் போட்டிருந்த கிளையை எடுத்தது நான்தான்டி" என்றாள் ஜெபராணி ஒருவழியாக. "பின்னால யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சுட்டேன்."

திட்டு விழும் என்று தலைகுனிந்தாள். நடக்கிற பாதையில் நமக்குப் பின்னாலும் ஆள் உண்டு என்று இப்போது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பௌசியா மூச்சு வாங்கினாள். "வழக்கமா நீ ரெண்டு பக்கத்துக்குத் திட்டுவே. நேத்து வெறும் 'சரி'ன்னு போட்டே பாரு, அதுக்கப்புறம் எனக்கு ஆபீஸ்ல இருப்பே கொள்ளலடி."

ஜெபராணி அவள் தோளில் முகம் புதைத்து, மலை அதிர அழுதாள்.