டேப்பில் குறையில்லை

“உங்கட டேப் இழுபட்டிருக்கும் மிஸ்!”

அகீலாவுக்குச் சுர்ரென்று வந்தது. அக்குறணை கிளினிக்குக்கு மிட்வைஃபாக வந்ததிலிருந்து எத்தனையோ சாக்குப்போக்குக் கேட்டிருக்கிறாள்... வயிறு அளக்கும் டேப்பின் மேலேயே பழி போட்டவன் இவன்தான். எதிர்ப்பக்கத் துணிக்கடை ஹுதைபா. கர்ப்பிணித் தங்கை பஸீஹாவைக் கூட்டி வந்திருக்கிறான். மழையில் நனைந்த இமைகளும் அந்தக் கண்களும்... சண்டைக்காரனுக்கு எதற்கு இவ்வளவு அழகு!

“போன கிளினிக்குக்குப் பொறகு வயிறு வளரவே இல்ல. புள்ளக்கி வளர்ச்சி கொறவு போல. பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் பண்ணணும், இன்டைக்கே.”

“துணி டேப் நாள்பட்டா கொறச்சுத்தான் காட்டும். எங்களுக்குத் தெரியாததா?”

“அப்ப உங்கட கடையில இருந்து புதுசு கொண்டு வாங்களேன்!”

வீம்புக்குத்தான் சொன்னாள். அவனோ மழையில் ஓடிப்போய், உறை பிரிக்காத டேப்போடு வந்து நின்றான். அகீலா திரைக்குப் பின்னால் போய் மறுபடி அளந்தாள். அதே அளவு.

‘இப்போது என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்க நாக்கு துடித்தது. வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. வெளிறிப் போயிருந்தான்.

“மச்சான் கட்டார்ல... என்ட பொறுப்புலதான் உட்டுட்டுப் போனார். ஒரு கிழம பாத்துட்டுப் போனா...?”

“ஒரு கிழம புள்ள தாங்குமோ தெரியாது.” அவள் குரல் தானாகவே தணிந்தது. “பயம்னா பயம்னு செல்லுங்க. டேப்போட என்னத்துக்கு சண்ட?”

திரைக்குப் பின்னாலிருந்து பஸீஹா அண்ணனைக் கூப்பிட்டு, “நானா, வேன எடுங்க!” என்றாள்.

தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் இரத்தம் குறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. வார்டில் வைத்து, துடிப்பையும் அசைவையும் தினமும் பார்த்து, நாள் நிறையும் முன்பே அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். அந்த நாட்களில் தங்கையின் நலத்தை ஹுதைபா போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்... சில நாள் ஒரே செய்தியை இரண்டு தடவை! அகீலாவும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டாள்.

தாயும் பிள்ளையும் வீடு திரும்பியதும் பார்க்கப் போனாள். சின்னஞ்சிறு மகள், உம்மாவின் நெஞ்சோடு ஒட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். எடை ஏறியிருந்தது. அகீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் குடையோடு நின்றான் ஹுதைபா.

“மிஸ்... அண்டைக்கு நான் செல்றதக் கேட்டு நீங்களும் உட்டிருந்தா...” குடையை மடக்கிவிட்டு, “உங்கள எனக்கு நல்ல விருப்பம். உம்மாவ உங்கட ஊட்டுக்கு அனுப்பட்டா?” என்றான்.

அகீலாவின் பார்வை தாழ்ந்தது. கன்னம் சுட்டது.

“அனுப்புங்க... வாப்பாட்ட நான் முந்தியே செல்லிட்டேன்.”