ஏழு பாகம் கயிறு

"அந்த ஒரு யன்னலை விட்டிடு. மிச்சம் ஏழையும் நீ சொல்லுற கயிறிலேயே கட்டுவம்."

"ஏனண்ணை, அது மட்டும் என்ன பாவம் செய்தது?"

"அதுக்கு ஆணி அடிச்சாச்சு பிள்ளை. கயிறு தேவையில்லை."

இதைச் சொன்னபோது சூசைதாசன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த மூன்று கயிற்றுத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். டுசல்டோர்ஃபில் ஒரு கடைக்காரர் தபாலில் அனுப்பிய மாதிரித் துண்டுகள் அவை. இமெல்டா ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், நுனியைப் பிரித்து நாக்கில் வைத்தாள். நைலோன் பார்க்க நல்லாயிருக்கும், ஆனால் பாரம் தொங்கினால் நாளுக்கு நாள் இழுபட்டு நீளும் என்றாள். சணல், கப்பியில் உராய்ந்து நார் நாராகும். மெழுகு ஏற்றிப் பின்னிய பருத்திதான் சரி. ஊரில், குருநகரில், அவர்களுடைய அப்பா சங்கு குளிக்கப் போனவர். அவர் கடலுக்கு அடியில் இருக்க, வள்ளத்தில் உயிர்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது பிள்ளைகள்தான். கயிற்றைப் பற்றி இமெல்டாவுக்குச் சொல்லிக்கொடுக்க எசன் நகரத்தில் ஆள் இல்லை என்று அண்ணனே எல்லோரிடமும் பெருமையடிப்பான்.

"முந்தி இதுகளில என்ன கயிறு கிடந்தது?" என்று கேட்டாள்.

"எல்லாம் அந்த இங்கிலீசுக்காரன் கட்டினது. நூறு வருசம் இருக்கும்."

வீடு அப்படிப்பட்டதுதான். நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த ஓர் இங்கிலாந்துப் பொறியியலாளர் தன் ஊர் நினைவில் கட்டியது. மற்ற ஜெர்மன் வீடுகளில் யன்னல் கதவுபோல உள்ளே திறக்கும். இங்கே கண்ணாடிச் சட்டம் மேலும் கீழும் வழுக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் மரப்பெட்டி மறைந்திருக்கும். பெட்டிக்குள் இரும்புக் குண்டு, குண்டிலிருந்து கயிறு, கயிறு கப்பியில் ஏறி வந்து சட்டத்தைப் பிடிக்கும். குண்டின் பாரமும் கண்ணாடியின் பாரமும் சமமானால் விட்ட இடத்தில் யன்னல் நிற்கும். கயிறு அறுந்தால் கத்தி மாதிரி விழும். சூசைதாசன் எட்டு வருடமாக இந்த வீட்டின் பராமரிப்பாளன். இரண்டு வருடத்துக்கு முன் இமெல்டா வந்ததிலிருந்து இருவரும் மேல்மாடி அறைகளில் இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரக் கிழவி இறந்துபோக, மகன் வீட்டை விற்கப்போகிறான். செவ்வாய்க்கிழமை வாங்குபவர்கள் வருகிறார்கள்.

மூன்று நாளில் ஏழு யன்னல்களையும் கட்டினார்கள். இமெல்டாவுக்கு அது பிடித்திருந்தது. நூலின் நுனியில் ஒரு சின்ன ஈயத்துண்டைக் கட்டி, கப்பிக்கு மேலால் பெட்டிக்குள் இறக்கினால், கீழே உள்ள சின்ன மரமூடியைத் திறந்து நுனியைப் பிடித்து வெளியே எடுக்கலாம். பிறகு நூலோடு கயிற்றை இழுத்துக் குண்டில் முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பாகம் கயிறு, அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், கணக்காகப் போதும். அண்ணன் பகிடி விட்டுக்கொண்டே சட்டங்களைப் பிடித்தான். செல்லத்தின் பேச்சு ஒருமுறைகூட வரவில்லை. அது எப்போதுமே வராது.

செல்லம் இவர்களுக்கு நடுவில் பிறந்தவள். தொண்ணூற்றொன்பதில் அண்ணன் கூப்பிட்டு ஜெர்மனிக்கு வந்தாள். நாலு மாதம்கூட ஆகவில்லை, அகதி முகாமில் பழகிய ஒருவனோடு கனடாவுக்குப் போய்விட்டாள், இனி எங்களோடு அவளுக்குத் தொடர்பு வேண்டாமாம் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னான். கனடாவிலிருந்து அவள் எழுதியதாக ஒரே ஒரு கடிதம், தட்டச்சில் அடித்தது, அவன் வழியாக ஊருக்கு வந்தது. அம்மா சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த ஒரே குடும்பப் படத்திலிருந்து அக்காவைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தது இமெல்டாதான். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வெட்டியதில் செல்லத்தின் முழங்கால்வரை நீண்ட பின்னல் மட்டும் அண்ணனின் தோளோரம் மிஞ்சிவிட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே வெளிச்சம் போகத் தொடங்கியிருந்தது. மார்கழி அப்படித்தான். சூசைதாசன் பூச்சும் திருகாணியும் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். கைவசம் நிறையக் கயிறு மிஞ்சியிருந்தது. எட்டில் ஒன்று ஆணியடித்துக் கிடந்தால் வாங்க வருகிறவர்கள் அண்ணனைத்தானே குறை சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, இமெல்டா பின்பக்கச் சின்ன அறையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

வண்ணத் தகரங்களும் ஏணியும் அடுக்கிய அறை. பழைய எண்ணெய்ப் பூச்சின் வாசமும், அதற்கு அடியில், எங்கிருந்தோ மெல்ல வந்து மூக்கில் ஒட்டிக்கொண்ட, அவளுக்கு நன்றாகத் தெரிந்த, ஆனால் இந்த நாட்டில் எங்கேயும் முகர்ந்திராத இன்னொரு வாசமும் அங்கே இருந்தன. யன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. அதன் ஊடாக ஆற்றுப் பக்கத்துக் குளிர் தரையோடு ஊர்ந்து வந்தது. அவள் ஆணியைத் தேடினாள். இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இல்லை. சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினாள், இல்லை. கப்பிகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுமையாக இருந்தன. கயிறே இல்லை.

கயிறும் இல்லை, ஆணியும் இல்லை. ஆனாலும் யன்னல் விழாமல் நின்றது.

ஈரத்தில் மரம் ஊதி இறுகியிருக்கும் என்று நினைத்து அழுத்திப் பார்த்தாள். சட்டம் சுலபமாக இறங்கியது. கையை எடுத்தாள். அது மெதுவாக, தூங்குகிறவரின் நெஞ்சுபோல, மறுபடி ஒரு சாண் உயர்ந்து நின்றது.

வீட்டில் வேறு சத்தமில்லை. தெருவில் ட்ராம் திரும்பும் கீச்சொலி வந்து போனது. மற்ற யன்னல்களில் பூச்சு மெல்லியதாக உரிந்திருக்க, இந்தச் சட்டத்தின் கீழ்விளிம்பில் மட்டும் வெள்ளைப் பூச்சு விரல் தடிப்புக்கு, பூச்சின் மேல் பூச்சாக அப்பிக் கிடந்ததை அப்போதுதான் கண்டாள். சுரண்டியால் ஓரத்தைக் கிளறினாள். தோல்போல ஒரு கீற்றாக உரிந்தது. அதன் அடியில் ஏதோ நூல் ஒட்டியிருந்தது. இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. முழங்கைவரை வந்தது.

நூல் இல்லை. தலைமுடி.

அந்த வாசம் என்னவென்று அவளுக்கு இப்போது தெரிந்தது. சீயாக்காய். அம்மா பொதி கட்டி அனுப்பும் சீயாக்காய். செல்லம் அதைத் தவிர வேறொன்றும் தலைக்கு வைக்கமாட்டாள். முழுகினால் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முடியை முழுக்கத் தொங்கவிட்டு, காற்றில் காயப்போடுவாள்.

இந்த வேலை கிடைக்க முதலே அவள் போய்விட்டாள் என்று அண்ணன் சொல்லியிருந்தான். இந்த வீட்டை அவள் காணவே இல்லை என்று.

இமெல்டா முழங்காலில் நின்று இடப்பக்கப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே இரும்புக் குண்டு சரிந்து கிடந்தது. அதில் ஒரு முழம் கயிறு. நூறு வருடக் கயிறு இல்லை. உடுப்புக் காயப்போடும் நீலப் பிளாஸ்டிக் கயிறு, இழுபட்டு மெலிந்து, நுனி அறுந்து. முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்பக்கம். அப்பாவின் முடிச்சு. இந்த நாட்டில் அதைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் போடவில்லை.

வலப்பக்க மூடியைத் திறந்தாள். குண்டு இல்லை. குளிர் மட்டும். கையை விட்டாள், அடிப்பலகை தட்டுப்படவில்லை.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மிஞ்சிய கயிற்றின் நுனியில் ஈயத்தைக் கட்டி, கப்பிக்கு மேலால் இறக்கினாள். ஒரு பாகம். மற்றப் பெட்டிகளில் இந்த இடத்தில் டொக்கென்று தட்டும். தட்டவில்லை. இரண்டு பாகம். கீழே சமையலறைச் சுவர். மூன்று. அதற்குக் கீழே நிலவறை, அங்கே அண்ணன் தானே சீமெந்து பூசி மூடிய நிலக்கரி அறை. நாலு. ஐந்து. அதற்கும் கீழே என்ன இருக்கிறது? கயிறு உள்ளங்கையில் வழுக்கிப் போய்க்கொண்டே இருந்தது. ஈரமாக. மெழுகுக் கயிறு ஈரமாக.

ஆறு. நின்றது.

பிறகு, கீழிருந்து, ஓர் இழுப்பு.

வள்ளத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கயிறு விடு.

அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே விட்டன. ஏழு.

"இமெல்டா."

அண்ணன் வாசலில் நின்றான். கையில் கடைப் பை. அவனுடைய கண் அவளைப் பார்க்கவில்லை. கப்பியைப் பார்த்தது, பிறகு தரையில் கிடந்த முடியை.

"ஆணி எண்டு சொன்னனீங்கள்," என்றாள்.

அவன் பையை மெதுவாகக் கீழே வைத்தான். செல்லத்துக்கு விசா இல்லை, காகிதம் ஒன்றுமில்லை, ஆட்கள் காணாமல் பொழுதுபட்ட பிறகுதான் தலையை வெளியே நீட்டுவாள் என்று சொன்னான். ஒருநாள் பின்னேரம் கயிறு அறுந்து சட்டம் அவளுடைய கழுத்தில் விழுந்தது. அடுத்த நாள் காலமை அவனுடைய அகதி வழக்குக்கு டெர்மின், விசாரணை நாள். ஒரு பொலிசு வந்தால் எல்லாம் போச்சு. எல்லாவற்றையும் பூச்சு விலை சொல்வதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"நான் கட்டின கயிறுதான். கடையில கிடந்ததை வாங்கிக் கட்டினன். எனக்கென்ன தெரியும், அது நீளும் எண்டு."

"கனடாக் கடிதம்?"

அவன் தன்னுடைய விரல்களைப் பார்த்தான். அம்மா அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு செத்தவள். இமெல்டா அந்தக் கடிதத்தை நம்பித்தான் கத்தரிக்கோலை எடுத்தாள்.

கயிறு அசைந்தது.

ஓர் இழுப்பு.

யன்னல் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. குளிர். சீயாக்காய்.

இரண்டாவது. கப்பி முனகியது.

மூன்றாவது.

மூன்று என்றால் தூக்கு. மூச்சு முடிகிறது, தூக்கு. அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அப்பா அதைச் சொல்லிக்கொடுத்தபோது மூன்று பிள்ளைகளும் பக்கத்தில்தான் இருந்தார்கள். அண்ணனுக்கும் எண்ணத் தெரியும். அவன் முழங்காலில் விழுந்தான்.

இமெல்டா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். பாரமாக இருந்தது. இரும்பின் பாரம் இல்லை. அவள் இழுத்தாள். ஒரு பாகம் வந்தது. இன்னொன்று. கயிற்றோடு சேர்ந்து, கப்பியின் மேலால், நீண்ட ஈரமான கறுப்பு முடி சுற்றிச் சுற்றி வெளியே வரத் தொடங்கியது.

"விட்டிடு," என்றான் சூசைதாசன், தரையைப் பார்த்தபடி. "தங்கச்சி, கும்பிட்டுக் கேக்கிறன். கயிறை விட்டிடு."