தூக்க நேரக் காவல்காரன்

பிள்ளைகள் மதியம் தூங்கினால்தான் அம்மாவுக்குக் கை ஒழியும். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது அம்மாவின் தொழில். எல்லோரும் படுத்ததும் கதவைச் சாத்திவிட்டு அடுப்படி மேசைக்குப் போவாள். அன்று எந்தப் பிள்ளை என்ன புதிதாகக் கற்றது என்று அதனதன் ஃபைலில் எழுதுவாள்.

வாயாடியின் ஃபைல் புடைத்துக்கொண்டு நிற்கும். "இன்று பூனையைத் திட்டினாள். முழு வாக்கியம்." உருண்டு திரண்ட உருளையின் ஃபைலும் மோசமில்லை. "மூன்று கட்டைகளை அடுக்கினான். நான்காவதைத் தின்னப் பார்த்தான்."

குட்டித் தாத்தாவின் ஃபைல்தான் பாவம். நாலு வயதுப் பிள்ளை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பான். அதனால்தான் அந்தப் பெயர். அவனுடைய அம்மா ஓர் இரவு தூங்கப் போனாள், காலையில் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. "பேசவில்லை. விளையாடவில்லை. மதியம் தூங்கினான்." பக்கம் பக்கமாக இதேதான்.

அம்மாவின் சொந்த மகளுக்குப் பத்து வயது. பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் அக்கா. பள்ளிக்கூடப் படிகளில் தாவி இறங்கப் போய், இப்போது காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள்.

அன்று சாயங்காலம் குட்டித் தாத்தாவை அழைத்துப்போக அவன் அப்பா வந்தார். பஸ் ஓட்டுகிறவர்.

"வெள்ளிக்கிழமை குழந்தைகள் நல ஆபீஸ்லேர்ந்து அதிகாரி வராங்க," என்றாள் அம்மா. "ஃபைலைப் பார்ப்பாங்க. இங்க இருந்து இவனுக்குப் பிரயோஜனமில்லன்னு பட்டா, வெளியூர் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லுவாங்க."

"அங்க மாசத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க விடுவாங்களாமே," என்றார் அவர். "அம்மா மாதிரியே அப்பாவும் போயிட்டார்னு நினைச்சுப்பானேம்மா."

இதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும், "அவன் பேசறான்னு எழுதிடேன்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"பொய் எழுதினா, நல்லாயிட்டான்னு அப்படியே விட்டுடுவாங்க. அவனுக்கு வேண்டிய உதவி கிடைக்காது. பார்த்ததைத்தான் எழுதணும்."

மறுநாள் மதியம் அக்காவும் பிள்ளைகளோடு படுத்திருந்தாள். அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் போர்வை சரசரத்தது.

குட்டித் தாத்தா எழுந்து வாயாடியிடம் போனான். அவள் மூக்கருகே ஒரு விரலை வைத்துக் காத்திருந்தான். பிறகு போர்வையை இழுத்து மூடிவிட்டான். அடுத்து உருளை. அங்கேயும் விரல், அங்கேயும் போர்வை.

'இது என்ன கூத்து!' என்று அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் தன்னிடம் வந்ததும் கண்ணை இறுக மூடி, வேண்டுமென்றே மூச்சை அடக்கிக்கொண்டாள்.

விரல் மூக்கடியில் நின்றது. சட்டென்று இரண்டு சின்னக் கைகள் அவள் கன்னத்தைப் பிடித்து உலுக்கின.

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

"இருக்கேன்டா, இருக்கேன்! பாரு, மூச்சு விடறேன்." அவன் கையைத் தன் மூக்கருகே வைத்து ஊதி ஊதிக் காட்டினாள். அவனைக் கட்டிக்கொண்டு அவள்தான் அழுதாள்.

பிறகு நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். "அவன் தூங்கறதே இல்லம்மா. நீ இந்தப் பக்கம் வந்ததும் எழுந்து, எல்லாரும் மூச்சு விடறாங்களான்னு பார்க்கிறான்."

அம்மாவின் கையிலிருந்த பேனா நின்றது. "தூங்கினான், தூங்கினான்னு தினமும் எழுதினேனே," என்றாள். "ஒரு நாள்கூடப் பார்க்கவே இல்லையே."

மறுநாள் அம்மா மேசைக்குப் போகவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். யாரை முதலில் பார்க்கிறான், யார் போர்வை நழுவினால் உடனே போகிறான், எல்லாம் எழுதினாள். பழைய பக்கங்களில் 'தூங்கினான்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நான் பார்க்கவில்லை' என்று திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி ஃபைலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை பேரையும் இவன் காவல் காக்கிறானே," என்றார் கடைசியில். "இவனை இங்கிருந்து பிரிச்சா தாங்க மாட்டான். இங்கயே இருக்கட்டும். டாக்டரை இங்க வந்து பார்க்கச் சொல்றேன்."

"சரியாயிடுவானா?" என்று கேட்டாள் அக்கா.

"நாளாகும்மா," என்றார் அவர்.

அன்று மதியம் குட்டித் தாத்தா எழுந்தபோது, அக்கா அவன் பாய்க்குப் பக்கத்தில் கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குக் காவல் என் முறை. நீ படு," என்றாள். அவன் பார்க்கப் பார்க்க, நகர்ந்து நகர்ந்து ஒவ்வொருவர் மூக்கருகிலும் விரல் வைத்தாள். "வாயாடிக்கு மூச்சு வருது. தூக்கத்திலயும் யாரையோ திட்டறா. உருளைக்கும் வருது. கையில கட்டையை விடவே இல்ல, பாரேன்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் படுத்தான். அவள் விரலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கண் சொக்கும், திடுக்கிட்டுத் திறக்கும். "இருக்கேன்டா," என்பாள் அக்கா. மறுபடியும் சொக்கும்.

கடைசியில் பிடி தளர்ந்தது. அக்கா அவன் மூக்கருகே விரலை வைத்தாள். சூடாக மூச்சு வந்தது. கதவுப் பக்கம் திரும்பி மெல்லக் கூப்பிட்டாள்.

"அம்மா, இப்ப எழுதிக்கோ. தூங்கினான். நான் பார்த்தேன்."